கண் தங்கிய நாற்பத்தோரு நாள்

மட்டித்துறைக்காரர்கள் நாட்டிலுள்ள மற்ற எல்லாரையும்விட நாற்பத்தோரு நாள் மூத்தவர்கள். இதை அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை, மறைப்பதும் இல்லை. பெண் கேட்டுப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வயது என்று விசாரித்தால் இருபத்தாறு என்று சொல்லி, காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கூட ஒரு நாற்பத்தோரு நாள் என்பார்கள், கேட்டவர்கள் அது ஏதோ ஜாதக விஷயம் என்று நினைத்துத் தலையாட்டுவார்கள்.

அந்த நாற்பத்தோரு நாளையும் ஒன்று விடாமல் பதிவேட்டில் எழுதிவைத்தவள் பூங்கோதை. அவள் அந்த ஊரின் தலையாரி. அரசாங்கக் காகிதத்தில் கிராம உதவியாளர். அப்பா தலையாரியாக இருந்து வேலையிலேயே இறந்துபோனதால் வாரிசுக்கு வந்த வேலை அது. கட்டிக்கொடுத்த மூன்றாம் வருடமே தாலியைக் கழற்றி வைத்துவிட்டுப் பிறந்த ஊருக்குத் திரும்பியவள், நாற்பத்திரண்டு வயதில் அவளுக்குப் பிள்ளைகுட்டி என்று யாரும் இல்லை, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து மட்டும் இருந்தது. அதில் பெரிய சாவி ஊர் நடுவே மேட்டில் உயரமான தூண்கள்மேல் நிற்கும் புயல் கட்டடத்தினுடையது.

கார்த்திகை பத்தாம் தேதி காலையில் புயல் வரும் என்று சொல்லியிருந்தார்கள். எட்டாம் தேதி விடிந்ததிலிருந்தே பூங்கோதை வீடு வீடாக நடந்தாள். ரேஷன் கார்டையும் ஆதார் அட்டையையும் பட்டாவையும் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடியுங்கள் என்றாள், மாட்டையும் ஆட்டையும் கட்டிப்போடாமல் அவிழ்த்துவிடுங்கள் என்றாள், படகுகளை இழுத்துவந்து ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுங்கள், கூரைமேல் மணல் மூட்டை போடுங்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பத்து நாளைக்கு எடுத்து வையுங்கள் என்றாள், எட்டு மாதக் கர்ப்பிணியான தில்லைநாயகியைக் கையைப் பிடித்துத் தானே கூட்டிக்கொண்டு போய்ப் புயல் கட்டடத்தின் மூலையில் பாய் விரித்து உட்காரவைத்தாள். ஒன்பதாம் தேதி சாயங்காலத்துக்குள் ஊரில் இரண்டு பேரைத் தவிர எல்லாரும் அந்தக் கட்டடத்துக்குள் இருந்தார்கள்.

வராத இரண்டு பேர், பூங்கோதையின் சொந்த அக்கா சிவபாக்கியமும் அவள் புருஷன் ராசாக்கண்ணுவும்.

அதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதேபோல ஒரு புயல் வருவதாக இருந்தது, பூங்கோதை கூப்பிட்டாள், எல்லாரும் வந்தார்கள், இரண்டு நாள் உள்ளே கிடந்தார்கள், புயல் கடைசி நேரத்தில் வடக்கே திரும்பி ஆந்திராவுக்குப் போய்விட்டது. திரும்பிப் போனபோது சிவபாக்கியத்தின் வீட்டில் தகரப் பெட்டி திறந்து கிடந்தது, மகள் கஸ்தூரியின் கல்யாணத்துக்குச் செய்துவைத்த நகைகள் இல்லை. கல்யாணம் நின்றது. சிவபாக்கியம் நடுத்தெருவில் நின்று, "நீ கூப்பிட்டதாலதானடி வீட்டைத் தொறந்து போட்டுட்டு வந்தேன்," என்று தங்கையைப் பார்த்துச் சொன்னாள். கஸ்தூரி பிற்பாடு திருப்பூரில் வேலைக்குப் போய் அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அக்காள் தங்கை இருவரும் அன்றிலிருந்து பேசவில்லை, சிவபாக்கியம் புயல் கட்டடத்தின் படியை மிதிக்கவும் இல்லை.

பத்தாம் தேதி காலை ஆறு மணிக்குக் காற்று வடக்கேயிருந்து வந்தது. நாலு மணி நேரம் அடித்தது. தென்னைகளை முறித்தது, தகரங்களைக் கழற்றியது, ஓலைகளை எங்கே கொண்டுபோனது என்று தெரியவில்லை. ஊரின் வடக்கு ஓரத்தில் இருந்த சிவபாக்கியத்தின் வீட்டை மட்டும் அதற்கும் வடக்கே இருந்த சவுக்குத் தோப்பு தன் முதுகைக் கொடுத்துக் காப்பாற்றியது. பத்தே கால் மணிக்கு, கையால் அணைத்ததுபோல, காற்று நின்றது. வெயில் அடித்தது.

நாகப்பட்டினத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் பூங்கோதைக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இது புயலின் கண். அதிகம் போனால் அரை மணி நேரம் அமைதியாக இருக்கும், பிறகு புயலின் மறுபாதி எதிர்த்திசையிலிருந்து அடிக்கும், முடிந்துவிட்டது என்று வெளியே வருகிறவர்கள்தான் அதிகம் சாகிறார்கள். ஆகவே அவள் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டாள். ஊர்த்தலைவர் வேதமூர்த்தி, கோபக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை, "தள்ளு புள்ள, போய்ப் படகைப் பாக்கணும்," என்றார். "அரை மணி நேரம் பொறுங்க சித்தப்பா," என்றாள் அவள். அரை மணி போனது. ஒரு மணி போனது. மத்தியானம் ஆயிற்று, பொழுது சாய்ந்தது, கண் நகரவில்லை. மறுநாளும் நகரவில்லை. அவள் கையை இறக்கிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

வெளியே வந்தவர்கள் பார்த்தது இதுதான். ஊருக்கு மேலே வட்டமாக நீல வானம். வடக்கே சவுக்குத் தோப்புக்கு அப்பால், மேற்கே உப்பளத்துக்கு அப்பால், தெற்கே கழிமுகத்துக்கு அப்பால், கிழக்கே கடலுக்குள் அரைமைல் தூரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு சுவர், தரையிலிருந்து வானம்வரை, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சுவருக்குள் அவர்களுடைய சாமான்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்துச் சத்துணவு அண்டா, பேருந்து நிறுத்தப் பலகை, எத்தனையோ தென்னை மட்டைகள், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், வேதமூர்த்தி வீட்டு நீலத் தகரம். முதலிரண்டு நாள் எல்லாரும் அவரவர் சாமானைக் கண்டுபிடித்து விரலை நீட்டிக் காட்டினார்கள். மூன்றாம் நாளிலிருந்து நீலத் தகரம் உப்பளத்துப் பக்கம் வந்தால் உலை வைக்கும் நேரம், கழிமுகத்துப் பக்கம் வந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விடும் நேரம் என்று ஆகிவிட்டது.

புயல் கட்டடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. காற்று நின்ற அந்த நிமிடத்தில் செய்தி வாசிக்கிற அம்மாள், "புயலின் கண் தற்போது வேதாரண்யத்துக்குத் தெற்கே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தெற்கேயின் கடைசி எழுத்து முடியவில்லை. நல்ல மூச்சுள்ள பாடகி ஒரு சுரத்தைப் பிடித்து நிற்பதுபோல அவள் அந்த ஏகாரத்திலேயே நின்றாள். பூங்கோதை பேட்டரி தீரும்போதெல்லாம் மாற்றி, அந்த ஏகாரத்தை அணையாமல் பார்த்துக்கொண்டாள். அது நீள்கிற வரைக்கும் மறுபாதி வரவில்லை என்று அர்த்தம்.

ஊர் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. கண்ணுக்குட்பட்ட அரைமைல் கடலில் ஆண்கள் முறைவைத்து வலை போட்டார்கள். சுவருக்குள்ளே அடைபட்ட மீன்களும் எங்கும் போக வழியில்லாமல் அங்கேயேதான் இருந்தன. காற்றோடு வந்து மாட்டிக்கொண்ட பூநாரைகள் உப்பளத்தில் ஒற்றைக் காலில் நின்றன, யாரும் அவற்றைத் தொடவில்லை. காற்று என்பதே இல்லாததால் புகை அடுப்பிலிருந்து நூல் பிடித்ததுபோல நேரே மேலே போயிற்று, ஒவ்வொரு வீட்டுக் குழம்பு வாசனையும் அந்தந்த வீட்டின் மேலேயே நின்றது, வாசலில் போட்ட கோலம் நாலு நாளானாலும் பொடி கலையாமல் கிடந்தது, திருக்கார்த்திகைக்கு ஏற்றிய விளக்குகள் எண்ணெய் தீரும்வரை ஒரு தடவைகூட அசையவில்லை. தில்லைநாயகி புயல் கட்டடத்தின் அதே மூலையில் மார்கழி ஐந்தாம் தேதி ஆண் குழந்தை பெற்றாள். அதற்கு முன்னால், கார்த்திகை முடிவதற்குள், ஒரு கல்யாணமும் நடந்தது. தாலி கட்டும்போது மேளக்காரன் இல்லாததால் செம்புகளைத் தட்டினார்கள்.

வேதமூர்த்தி ஊர்க்கூட்டம் போட்டு, புயல் முடிந்துவிட்டது, சுற்றி நிற்பது அதன் கழிவு, தானாகக் கரைந்துவிடும், வீடுகளை நன்றாகவே எடுத்துக் கட்டலாம் என்றார். எல்லாருக்கும் அதுதான் பிடித்திருந்தது. பூங்கோதை எழுந்து, பாதிதான் முடிந்திருக்கிறது, மறுபாதி தெற்கேயிருந்து வரும், கூரைகளை வடக்கு முகமாக இழுத்துக் கட்டிய கயிற்றையெல்லாம் தெற்கு முகமாக மாற்றிக் கட்டுங்கள் என்றாள். ஊர் அவளை மரியாதையாகப் பார்த்தது, கயிற்றை மாற்றவில்லை. சுற்றிலும் சுவர் நிற்க, தினமும் காலையில் எழுந்து பல் துலக்கிச் சோறு பொங்குகிறவர்கள், இன்னும் வரவேண்டியது பாதி இருக்கிறது என்று தினமும் நினைத்துக்கொண்டிருக்க முடியாது. பூங்கோதைக்கு அது புரிந்தது. ஆகவே அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, புயல் கட்டடத்தில் நடத்துங்கள் என்று டீச்சரிடம் சாவியைக் கொடுத்தாள். ரேஷன் அரிசி நனையாமல் இருக்கட்டும் என்று மூட்டைகளை அங்கே ஏற்றினாள். கிணற்றில் உப்பு ஏறிவிட்டது, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தெளியவைத்த தண்ணீர் அங்கேதான் கிடைக்கும் என்றாள். கல்யாணத்தை அங்கே வைக்கச் சொன்னாள், ஊர்க்கூட்டத்தை அங்கே போடச் சொன்னாள், மாரியம்மன் படத்தைக்கூட ஈரம் படாமல் இருக்க அங்கே கொண்டுவந்து மாட்டினாள். ஒரு மாதத்தில் ஊருக்குத் தெரியாமலே ஊர் புயல் கட்டடத்துக்குள் குடிவந்துவிட்டது. வீட்டுக்குப் போவது சமைக்கவும் படுக்கவும் மட்டும்தான்.

சிவபாக்கியம் மட்டும் வரவில்லை. தண்ணீருக்கு ராசாக்கண்ணுவை அனுப்பினாள்.

ஆனால் காற்று இல்லாத ஊரில் இன்னொன்றும் நடந்தது. சொன்ன சொல்லைக் கலைத்துக் கொண்டுபோக எதுவும் இல்லாததால், ஊரின் ஒரு கோடியில் பேசியது மறுகோடியில் தெளிவாகக் கேட்டது. முதலில் மாமியார் மருமகள் சண்டைகள் நின்றன, பிறகு புருஷன் பெண்டாட்டி ரகசியங்கள் நின்றன, கடைசியில் எல்லாரும் நல்ல வார்த்தையாகப் பேசப் பழகிக்கொண்டார்கள். புயல் கட்டடத்தில் நின்று பூங்கோதை பிளீச்சிங் பவுடரை அளக்கும்போது, வடக்கு ஓரத்தில் அக்கா அரிசி களைவது காதருகே களைவதுபோலக் கேட்டது.

ஒருநாள் சிவபாக்கியம் தன் சோற்றுப் பானையிடம் சொன்னாள், "சில பேருக்கு இடுப்புல சாவியத் தொங்கவிட்டா ஊரே தன் இடுப்புலதான் தொங்குதுன்னு நெனப்பு."

பூங்கோதை அதைக் கேட்டாள். அளந்து முடித்து, டின்னை மூடி, அந்த டின்னைப் பார்த்துச் சொன்னாள், "சாவி இல்லாத காலத்துலயும் அந்தப் பானைல தின்னவதான் நான்."

வடக்கே பானை அடுப்பில் ஏறுவது கேட்டது. பிறகு, "தின்னா மட்டும் போதுமா," என்றது பானையிடம் பேசிய குரல்.

இப்படி ஆரம்பித்தது. அக்காள் பானையிடம் பேசினாள், தங்கை டின்னிடம் பேசினாள், ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கஸ்தூரிக்கு இரண்டாவது பெண் குழந்தை என்று பானைக்குச் சொல்லப்பட்டது; பெயர் என்னவாம் என்று டின்னிடம் கேட்கப்பட்டது. ஊர் முழுக்க இதைக் கேட்டுக்கொண்டிருந்தது, யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் பூங்கோதை டின்னிடம், "வடக்க கட்டுன கயித்தை நம்பிக்கிட்டு இருக்கவங்களுக்கு யாராச்சும் சொல்லணும். மறுபாதி தெக்கேருந்து வரும், சவுக்குத் தோப்பு குறுக்க நிக்காது," என்றாள். அன்று மத்தியானம் ராசாக்கண்ணு கூரைமேல் ஏறித் தெற்குப் பக்கம் கயிறு கட்டுவதை எல்லாரும் பார்த்தார்கள். அவனைப் பார்த்து இன்னும் பத்துப் பதினைந்து பேர் கட்டினார்கள். ஏன் என்று யாரும் விளக்கவில்லை.

ராசாக்கண்ணு அதிகம் பேசாத ஆள். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஒன்பது வருடமாக அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கரையில் தனியாக உட்கார்ந்து வலையைப் பிரிக்கும்போது கடலைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்வான், காற்று அதை வாயிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விடும், அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். இருபத்தெட்டாம் நாள் காலை, காற்று இல்லை என்பதை மறந்து, அவன் அதைச் சொன்னான்.

"பெட்டியைத் தொறந்தது நான்தான். நகைய எடுத்துக் காரைக்கால்ல ஐஸ் கம்பெனிக்காரன்கிட்ட குடுத்து ஏமாந்தது நான்தான்."

வாக்கியம் கரையிலிருந்து கிளம்பித் தெருக்களில் நடந்து ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போயிற்று. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதை நிறுத்தினார்கள். வேதமூர்த்தி வெற்றிலையை மடிக்காமல் கையில் வைத்திருந்தார். பூங்கோதை கையில் இருந்த அளவுக் கரண்டி அப்படியே நின்றது. வெகுநேரம் கழித்து யாரோ ஒரு குடத்தை வேண்டுமென்றே கீழே போட்டார்கள், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் அவரவர் வேலையைத் தொடர்ந்தார்கள். யாரும் ராசாக்கண்ணுவிடம் எதுவும் கேட்கவில்லை. அவனுக்கு ஊர் தண்ணீர் கொடுத்தது, வலையில் பங்கு கொடுத்தது, கண்ணைப் பார்க்காமல் கொடுத்தது.

வடக்கு ஓரத்திலிருந்து மூன்று நாள் சத்தம் வரவில்லை. பாத்திரச் சத்தம் மட்டும். பூங்கோதையும் டின்னைத் திறந்தாள், மூடினாள். நாலாம் நாள் சிவபாக்கியம் பானையிடம் சொன்னாள்.

"ஒம்பது வருசம் ஒருத்தி மேல கோவமா இருந்தாச்சு. அவமேல தப்பில்லன்னு ஆயிட்டு. இப்ப இத்தனை கோவத்தையும் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்தப் படியேறுறது?"

இதை டின்னிடம் சொல்லித் தீர்க்க முடியாது என்று பூங்கோதைக்குத் தெரிந்தது. நேரே ஒரு வார்த்தை, அக்கா என்று ஒரே ஒரு வார்த்தை, இருந்த இடத்திலிருந்தே மெதுவாகச் சொன்னால் போதும், கேட்டிருக்கும். ஆனால் ஊர் முழுக்கக் கேட்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். இப்படி ஒரு பத்து நாளைக்கு நினைத்தாள்.

மார்கழி இருபத்தொன்றாம் தேதி காலை, பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், பூங்கோதை தண்ணீர் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது, ஊரிலுள்ள அத்தனை அடுப்புப் புகைகளும் ஒன்றுபோல வடக்கே சாய்ந்தன. உப்பளத்தில் நின்ற பூநாரைகள் இரண்டாவது காலையும் ஊன்றின, பிறகு மொத்தமாக எழும்பின. டிரான்சிஸ்டரில் செய்தி வாசிக்கிற அம்மாள் மூச்சு விட்டு, "கரையைக் கடந்துகொண்டிருக்கிறது, மீனவர்கள்" என்று தொடர்ந்தாள்.

பூங்கோதை எச்சரிக்கைக்கு வைத்திருந்த கைச் சங்கைச் சுழற்றினாள். அதற்கு அவசியம்கூட இருக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடமாக அங்கேயே இருந்தார்கள், தண்ணீருக்கு வந்த பெண்கள் அங்கேயே இருந்தார்கள், கூட்டத்துக்கு வந்த ஆண்கள் கீழே தூணடியில் இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ரேஷன் வாங்கப் போவதுபோலப் பழகிய கால்களால் வந்து ஏறினார்கள். கால் மணி நேரத்தில் அந்த இரண்டு பேரைத் தவிர முந்நூற்றுப் பத்துப் பேரும் உள்ளே. தெற்கே கழிமுகத்தைச் சுவர் தாண்டிவிட்டிருந்தது.

அப்போதுதான் பூங்கோதை வாசற்படியில் நின்று வடக்கே பார்த்து, தன் குரலால், யாருக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று, "அக்கா! நான் பூங்கோதை கூப்புடுறேன், வந்துடு!" என்றாள்.

நாற்பத்தோரு நாள் ஒரு முணுமுணுப்பைக்கூட ஊர் முழுக்கக் கொண்டுபோன அந்தக் காற்றில்லாத வெளியில் இப்போது காற்று இருந்தது. அது அவள் வார்த்தைகளை வாயருகிலேயே பிடுங்கித் தன் இரைச்சலுக்குள் போட்டது. அவளுக்கே தன் குரல் கேட்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள், அதுவும் போயிற்று.

அவள் சாவிக்கொத்தை அவிழ்த்து வேதமூர்த்தியின் கையில் திணித்தாள். "கழிமுகத்துத் தண்ணி மேட்டைத் தொட்டுட்டா கதவைச் சாத்திடுங்க சித்தப்பா. நான் வெளியில இருந்தாலும் சாத்திடுங்க."

நாற்பத்தோரு நாளாகப் புயல் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் சாவியைப் பார்த்தார், தெற்கே பார்த்தார். "போயிட்டு வா, நான் நிக்கிறேன்," என்று மட்டும் சொன்னார்.

மேட்டிலிருந்து இறங்கி அவள் வடக்கே ஓடினாள், காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. மேல்நிலைத் தொட்டி தாண்டி, ரேஷன் கடையின் வெறும் சுவர் தாண்டி வளைந்தபோது எதிரே சிவபாக்கியம் வந்துகொண்டிருந்தாள். சோற்றுப் பானையை இடுப்பில் வைத்திருந்தாள், முந்தானை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, பின்னால் ராசாக்கண்ணு ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"எங்கடி போற?" என்று அக்கா கத்தினாள்.

"உன்னைக் கூப்புடத்தான்!"

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே!"

"கேக்கலன்னுதான் வந்தேன்!"

"நானும் நீ கூப்புடுவே கூப்புடுவேன்னு பத்து நாளா உக்காந்திருந்தேன். இனிமே உக்காந்திருந்தா சாவணும்னு கெளம்பிட்டேன்."

அதற்குமேல் பேச நேரம் இல்லை. திரும்பும்போது காற்று எதிரே வந்தது. மணல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. ராசாக்கண்ணு முன்னால் வந்து, தன் அகலமான உடம்பைக் காற்றுக்குக் குறுக்கே வைத்து, ஒவ்வோர் அடியாக நடந்தான், அவன் இடுப்பு வேட்டியைச் சிவபாக்கியம் பிடித்துக்கொண்டாள், அவள் கையைப் பூங்கோதை பிடித்துக்கொண்டாள். பானை எங்கேயோ போயிற்று. மேட்டின் அடியைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. வேதமூர்த்தி கதவைச் சாத்தாமல் படியில் உட்கார்ந்து, தண்ணீர் இன்னும் மேட்டைத் தொடவில்லை என்று உள்ளே இருந்தவர்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுபாதி மூன்று மணி நேரம் அடித்தது. தண்ணீர் ஒன்பதாவது படிவரை வந்தது. உள்ளே யார் பேசினாலும் யாருக்கும் எதுவும் கேட்காத அந்த இரைச்சலில், சிவபாக்கியம் புருஷனைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவன் அவள் காதருகே குனிந்து வெகுநேரம் பேசினான். ஊருக்கே கேட்டதை அவள் தனக்கென்று ஒரு தடவை கேட்டு வாங்கினாள் என்று பூங்கோதை நினைத்தாள், ஆனால் அவளுக்குத் தெரிந்தது அவன் உதடு அசைந்ததும் அக்கா கடைசியில் ஒரு தடவை தலையை ஆட்டியதும்தான். மன்னித்தாளா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர்கள் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

தண்ணீர் வடிந்து வெளியே வந்தபோது, தெற்கே கயிறு கட்டியிருந்தும் சிவபாக்கியத்தின் வீடு இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் இருந்தது. தெற்கே கயிறு மாற்றிக் கட்டிய மற்ற பத்துப் பதினைந்து கூரைகள் தப்பியிருந்தன. உயிர்ச்சேதம் இல்லை.

மூன்றாம் நாள், விழுந்த மரங்களை அறுத்து வழி உண்டாக்கிக்கொண்டு, கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். நாலு நாளாகத் தூங்காத முகம். பூங்கோதை பதிவேட்டை நீட்டினாள். அவர் பக்கங்களைத் திருப்பினார், திருப்பிக்கொண்டே இருந்தார்.

"இது என்னம்மா, மார்கழி இருபத்தொண்ணு வரைக்கும் எழுதியிருக்கு. இன்னிக்குக் கார்த்திகை பதிமூணுதானே?"

"ஆமாங்க சார். வெளியில பதிமூணுதான்."

"கண்ணு உங்க ஊரைக் கடக்க எடுத்துக்கிட்டது இருபத்தஞ்சு நிமிசம். பத்தே கால்லேருந்து பத்தே முக்கால் வரைக்கும்கூட இல்ல. இன்னும் வராத நாளுக்கெல்லாம் எப்படிப் பதிவு போட்டீங்க?"

"எங்களுக்கு வந்துட்டுங்க சார்," என்றாள் பூங்கோதை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எட்டு மாதக் கர்ப்பிணி என்று அவர் பட்டியலில் இருந்த பெண் பத்தொன்பது நாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து நிமிடத்தில் ஊர் நாற்பது மூட்டை அரிசியைத் தின்றிருந்தது. அவர் தண்ணீர் கேட்டார், குடித்தார், பேனாவை எடுத்து, பதிவேடு வெள்ளத்தில் நனைந்து படிக்க இயலாத நிலையில் உள்ளது என்று தன் படிவத்தில் எழுதி, காய்ந்து மொடமொடப்பாக இருந்த அந்தப் பதிவேட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கங்க," என்றார்.

அக்கம்பக்கத்து ஊர்கள் அடித்துப்போட்டதுபோலக் கிடந்தன. அங்கே ஜனங்கள் விழுந்த கூரைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், எதிலிருந்து தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மட்டித்துறைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது; அவர்கள் ஒரு தடவை இழந்து ஒரு தடவை கட்டியவர்கள், அவர்கள் கைகள் நாற்பத்தோரு நாள் பழகியவை. தங்கள் அடுப்புகளை மூட்டியதும் அவர்கள் பத்துப் பேர் பத்துப் பேராகக் கிளம்பினார்கள், கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள், மரம் அறுத்தார்கள், கூரையை இரண்டு திசைக்கும் கட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். பூங்கோதையும் சிவபாக்கியமும் ஒன்றாகப் போனார்கள். போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டு போனார்கள், பெரும்பாலும் சின்ன விஷயங்கள். ஒன்பது வருடத்தில் சேர்ந்துபோனவை நிறைய இருந்தன.

திருக்கார்த்திகை மறுபடி வந்தது, மறுபடி விளக்கு வைத்தார்கள், இந்தத் தடவை காற்றில் அணைய அணைய ஏற்றவேண்டியிருந்தது. கல்யாணமான ஜோடிக்கு அவர்களுடைய கல்யாண நாளே அதற்குப் பிறகுதான் வந்தது. மார்கழி ஐந்து வந்தபோது தில்லைநாயகி பிள்ளையைக் குளிப்பாட்டி, இன்றைக்குத்தான் பிறந்தாய் என்று அதனிடம் சொன்னாள்.

பிறகு மார்கழி இருபத்தொன்று வந்தது. எந்த எச்சரிக்கையும் இல்லை, வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது, கடல் படுத்துக் கிடந்தது. பூங்கோதை யாரையும் கூப்பிடவில்லை. காலை எட்டு மணிக்கு அவள் புயல் கட்டடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது வேதமூர்த்தி வந்து உட்கார்ந்தார். பிறகு டீச்சர் வந்தாள். பிறகு தில்லைநாயகி பிள்ளையோடு வந்தாள். வலைக்குப் போகாத ஆண்கள் வந்தார்கள், போன ஆண்களும் பாதியில் திரும்பி வந்தார்கள், பெண்கள் பாய்களையும் மூடிய பாத்திரங்களையும் கொண்டுவந்தார்கள், சிவபாக்கியமும் ராசாக்கண்ணுவும் வந்து நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். யாரும் ஏன் வந்தோம் என்று சொல்லவில்லை. பத்து மணி சுமாருக்குத் தெற்கேயிருந்து ஒரு சாதாரணக் காற்று உள்ளே வந்தது, பாய்களின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தது, பிள்ளையின் நெற்றி முடியைக் கலைத்தது, போயிற்று.

மத்தியானம் தாண்டியும் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். போகலாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, இருக்கலாம் என்று சொல்லவும் காரணம் இல்லை. வெயில் வாசற்படியிலிருந்து இறங்கத் தொடங்கியபோது சிவபாக்கியம்தான் முதலில் எழுந்தாள். பாயை உதறினாள், சுருட்டினாள், கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"எந்திரிங்க," என்றாள் எல்லாரையும் பார்த்து, "அடுப்புப் பத்தவைக்க வேணாமா?"

அவள் படியிறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லாரும் இறங்கி வீட்டுக்குப் போனார்கள்.